நிறைவு என்று எழுதியிருந்தது

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வராது. நொடித்துப்போன கம்பெனியைத் தீர்ப்பாயம் என்னிடம் ஒப்படைக்கும். நான் கொஞ்ச காலம் அதை நடத்தி, வாங்க ஆள் கிடைத்தால் கைமாற்றிக் கொடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் கலைக்க வழி செய்ய வேண்டும். இவ்வளவையும் காய்கறிக் கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா? ஒருநாள் சுருக்கமாக, "திவால் ஆன கம்பெனிங்களைப் பார்த்துக்கிற வேலைம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். கடைக்கார அம்மாள் தராசை அப்படியே நிறுத்திவிட்டு, "அய்யய்யோ, போணியாகுற நேரத்துல இன்னாம்மா பேச்சு இது? வாயக் கழுவு மொதல்ல" என்றாள். அன்றைக்கு எனக்குக் கொசுறு கறிவேப்பிலைகூடக் கிடைக்கவில்லை.

கடனைக் கட்ட முடியாமல் ஒருவன் கையை விரித்துவிட்டால், 'மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆகவே தெருவில் என் பெயர் மஞ்சக் கடுதாசி அம்மா. நான் குடியிருப்பது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடி போர்ஷன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மரியாதையான மனிதர். வாசலில் என் தொழிலைப் போட்டு ஒரு போர்டு மாட்டட்டுமா என்று கேட்டபோது வெகுநேரம் யோசித்துவிட்டு, "மாட்டிக்கோங்கோ. ஆனா இங்கிலீஷ்லயே இருக்கட்டும்" என்றார். இங்கிலீஷில் இருந்தால் வீட்டுக்குத் தோஷம் ஒட்டாது போலிருக்கிறது. எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. ஆனாலும் மாட்டினேன். அதைப் படித்துவிட்டு இதுவரை மாடியேறி வந்தவர் கொரியர்காரர் ஒருவர்தான்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் பெங்களூரில் இருக்கிறான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் வரும். கல்யாணம் நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்பதை இங்கே எழுதுவதாக இல்லை. இப்படியிருந்த எனக்கு மனுஷி என்று இருந்தது அக்கா ஒருத்திதான். கூடப் பிறந்தவள் இல்லை. நான் கணக்கு எழுத முதன்முதலில் சேர்ந்த பட்டுப் புடவைக் கம்பெனியில் அவள் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், பிள்ளையார்பாளையத்துக்காரி, புருஷன் தறியில் உட்காருகிறவர். முதல் நாள் மத்தியானம் நான் தனியாக டப்பாவைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சாமியார் மாரி ஒண்டியா துன்னுக்கினு? இப்டி வா" என்று கூப்பிட்டாள். பட்டு நூல் கட்டுகளுக்கும் ஜரிகைப் பெட்டிகளுக்கும் நடுவே இரண்டு பேர் உட்காருகிற அளவுக்கு ஓர் இடம் இருந்தது. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

கணக்கு எழுதிக்கொண்டே தபாலில் கம்பெனி செக்ரட்டரி படிப்பை முடித்தேன். எத்தனை வருஷம் பிடித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதற்குப் பிறகு ஒரு புதுச் சட்டம் வந்தது, அதற்கென்று ஒரு பரீட்சை வந்தது. பத்து வருஷ அனுபவம் இருந்தால் எழுதலாம், பாஸ் செய்தால் நொடித்த கம்பெனிகளை எடுத்து நடத்தும் தகுதி கிடைக்கும். ஊரில் என்னோடு சேர்ந்து படிக்க ஒரு ஆள் இல்லை. சென்னையில் வகுப்பு நடந்தது, போய் வர நேரமில்லை. யூடியூபில் ஒருவர் ஹிந்தியில் பாடம் நடத்தினார், அதன் சத்தத்தைக் குறைத்து வைத்து எழுத்தை மட்டும் பார்த்தேன். கடைசியில் எனக்கு டியூஷன் எடுத்தது இங்கிலீஷ் படிக்கத் தெரியாத அக்காதான்.

எப்படியென்றால், கேள்வியை நான் படித்து விடையைச் சொல்ல வேண்டும். விடைப் பக்கம் அவள் மடியில் இருக்கும். ஏ, பி, சி, டி எழுத்து அவளுக்குத் தெரியும், அது போதும்.

"நூத்தி பன்னண்டு?"

"சி."

"இங்க பி போட்டுக்கீதே."

"பி-யா? இருக்கவே முடியாது. புக்கு தப்பு."

"ஆமா, புக்குக்காரன் கிட்டயும் சண்டைக்குப் போ. உனக்கு மூக்கு மேல கோவம். வடகம் கட்டு."

தப்பான விடைக்குப் பரீட்சையில் மார்க்கைக் கழிப்பார்கள், அக்கா வடகத்தைக் கழித்தாள். சில நாள் வெறும் மோர் சாதத்தோடு எழுந்து போயிருக்கிறேன். ஆனால் சும்மா எழுத்தை மட்டும் சரிபார்க்கிறவள் என்று நினைக்க வேண்டாம், அர்த்தமும் கேட்பாள். கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போன நாளிலிருந்து யாரும் அதன்மேல் வழக்கு போடவோ ஜப்தி செய்யவோ கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதை விளக்கினேன். "கொஞ்ச நாளைக்கு எவனும் கதவத் தட்டக் கூடாது, அதானே? நல்ல சட்டம்மா. மனுசனுக்கும் ஒண்ணு போடச் சொல்லு" என்றாள். அந்தப் பிரிவை எத்தனையோ பெரியவர்கள் விளக்கக் கேட்டிருக்கிறேன். எனக்கு மனதில் நின்றது அக்கா சொன்னதுதான்.

இரண்டு தடவை கோட்டை விட்டேன். மூன்றாவது தடவை, சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், கடைசிப் பொத்தானை அமுக்கியதும் திரையிலேயே பாஸ் என்று வந்தது. என்னைச் சுற்றி எல்லாரும் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுந்து வெளியே வந்தால் சொல்ல யாருமில்லை, வாட்ச்மேனிடம் சொன்னேன். "அப்டியா மேடம்" என்று பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் அதற்குள் வேறொரு பட்டுக் கம்பெனியின் ஸ்டோர்ஸுக்கு மாறியிருந்தாள், தாமல் போகிற ரோட்டில். "எனக்குத் தெரியும்மே!" என்று அவள் போட்ட கூச்சலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. காஞ்சிபுரம் ரயிலில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். எதிரே இருந்த பெண் என்ன கஷ்டமோ என்று பாதி முறுக்கைக் கொடுத்தாள்.

பரீட்சையோடு தனிமை முடியும் என்று நினைத்திருந்தேன். வேலை அதைவிட மோசம். திருப்பூர், ஓசூர் என்று சின்னச் சின்ன கம்பெனிகளாக வந்தன. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். முதலாளி என்னைத் தன் நாற்காலியைப் பறிக்க வந்தவளாகப் பார்ப்பார், தொழிலாளிகள் பாங்க்கின் ஆளாகப் பார்ப்பார்கள், பாங்க்காரர்கள் வேகம் போதவில்லை என்பார்கள். டீ கொடுக்க வருகிறவர்கூட என் மேஜையில் டம்ளரை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவார். வாரம் பூராவும் இந்த முகங்களைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால், நானும் அக்காவும் ஸ்கூட்டரில் ஓரிக்கைக்குப் போய்ப் பாலாற்றங்கரையில் உட்காருவோம். அவள் பேசுவாள், நான் கேட்பேன். அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலை எப்போதோ விட்டிருப்பேன், சத்தியமாக.

பிறகுதான் அது நடந்தது. அக்கா வேலை பார்த்த கம்பெனியே தீர்ப்பாயத்துக்கு வந்தது. உள்ளூர்க்காரி, பட்டுத் தொழில் தெரிந்தவள் என்று பாங்க்காரர்கள் என் பெயரைச் சொல்லியிருந்தார்கள். ஒப்புக்கொள்ளும் முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அந்தக் கம்பெனியில் எனக்கு உறவினர் யாராவது உண்டா என்று. உறவு முறைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மாமனார், மாமியார், சகோதரியின் கணவர் வரை இருந்தது. ஒரே டப்பாவில் சாப்பிட்டவளுக்கு அதில் கட்டம் இல்லை. தெரிந்தவர் ஒருவர் ஊழியராக இருக்கிறார் என்று தனியாக ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அதனால் ஒன்றும் ஆகாது என்றார்கள்.

ஆற்றங்கரையில் அக்காவிடம் கேட்டேன், எடுத்துக்கொள்ளட்டுமா என்று. "எவனோ வர்றதுக்கு நீ வந்தா நல்லதுதானே? எங்க வேலையாவது நிக்கும்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அங்க வந்து என்ன மெரட்டாத, அடிச்சிடுவேன்" என்றாள்.

நான் மிரட்டவில்லை, அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். ஸ்டோர்ஸ் பக்கமே போகவில்லை. சென்னையிலிருந்து என் உதவிக்கு ஒரு தணிக்கைக் குழு வந்திருந்தது, பாங்க்காரர்களும் வந்து போனார்கள். மஞ்சக் கடுதாசி அம்மாவுக்கு வேண்டப்பட்டவள் ஸ்டோர்ஸில் இருக்கிறாள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், என் பெயர் மட்டுமா கெடும், அக்காவின் பெயரும் கெடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் என் அறையிலேயே டப்பாவைத் திறந்தேன். முதல் நாள் அக்கா கதவருகே வந்து நின்று, "வர்லியா?" என்றாள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். "நீங்க சாப்பிடுங்க" என்றேன். அவள் திரும்பிப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போன் செய்து, இந்த வேலை முடிகிற வரைக்கும் ஆற்றங்கரை வேண்டாம் என்று சொன்னேன். "சரிம்மா, உனக்கு ஆயிரம் இருக்கும்" என்றாள். அவள் கோபப்படாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

குழு சரக்கை எண்ணி முடித்து எனக்கு இங்கிலீஷில் ஓர் அறிக்கை கொடுத்தது. ஸ்டோர்ஸ் பதிவேட்டின்படி பதினோரு ஜரிகைச் சரக்குகள் முழுதாக இருக்க வேண்டும், நேரில் பார்த்தால் பெட்டி காலி. பொறுப்பு, ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். அவரிடம் எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்க வேண்டும், ஏழு நாளில் வராவிட்டால் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். கடிதத்தையும் தயாராக டைப் செய்து பின்னால் வைத்திருந்தார்கள். ஜரிகை என்றால் வெள்ளி, தங்கம்.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போட்டேன். பதிவேடு கீழே ஸ்டோர்ஸில், இருபது படி இறங்கினால் கைக்கு வந்துவிடும். நான் இறங்கவில்லை. அக்காவை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் மனம் பூராவும் இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் மகளுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் முடிந்திருந்தது, நகை எல்லாம் நன்றாகவே போட்டிருந்தாள். ஒருவேளை, என்று ஒரு பாதி நாள் நினைத்தேன். பதினாறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளை அப்படி நினைத்தேன்.

கடிதம் பதிவுத் தபாலில் அவள் வீட்டுக்குப் போயிற்று. இங்கிலீஷ் கடிதம். யாரிடம் படித்துக் காட்டச் சொல்வாள்? அதுவரைக்கும் அவளுக்கு வந்த இங்கிலீஷ் காகிதத்தையெல்லாம் படித்துச் சொன்னவள் நான். அவள் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் நாலு பேர் நிற்கும்போது உரக்கப் படித்து அர்த்தம் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மறுநாள் காலை அக்கா என் அறைக்கு வந்தாள். கையில் கடிதம் இல்லை, தடிமனான ஸ்டோர்ஸ் பதிவேடு இருந்தது. தணிக்கைக் குழுவின் இளைஞர்கள் இருவர் மடிக்கணினியோடு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் பதிவேட்டை என் மேஜையில் விரித்து, இருப்பு என்கிற கட்டத்தில் விரலை வைத்தாள். அவளுடைய உருண்டையான எழுத்து. நான் பார்த்தேன்.

நிறைவு என்று எழுதியிருந்தது.

எங்கள் வீடுகளில் அரிசி தீர்ந்துவிட்டால் தீர்ந்துபோச்சு என்று சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம். அரிசி நெறைஞ்சிருக்குது என்போம். உப்பு, எண்ணெய், மஞ்சள் எல்லாவற்றுக்கும் அதுதான். இல்லை என்று வாயால் சொன்னால் இல்லாமலே போய்விடும் என்று பயம். ஜரிகையும் அப்படித்தான். ஒரு சரக்கு கடைசிப் புடவைக்குப் போய்ப் பெட்டி காலியானால் அக்கா சைபர் போட மாட்டாள், நிறைவு என்றுதான் எழுதுவாள். நான் அவளோடு வேலை பார்த்த காலத்தில் அவள் எழுதிய பதிவேட்டைப் பார்த்து எத்தனை முறை பூஜ்யம் என்று கணக்கில் ஏற்றியிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

"இதுக்கு இன்னா அர்த்தம்பா?" என்று அக்கா இளைஞர்களில் ஒருவரைக் கேட்டாள்.

"ஃபுல்லுன்னு அர்த்தம்" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லையா மேடம்?" என்றார்.

"இல்லை" என்றேன். "தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்."

அக்கா பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு நிறைவுக்கும் நேரே, எந்தத் தேதியில் எந்த நெசவாளிக்குக் கடைசி ஜரிகை கொடுக்கப்பட்டது, எந்தப் புடவை வந்தது என்று எழுதி வைத்திருந்தாள். ஒரு வரி பிசகவில்லை. இளைஞர் மன்னிப்புக் கேட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். "வுடுப்பா, நீ மெட்ராஸ் புள்ள, உனக்கு எப்டித் தெரியும்" என்று அவரைச் சமாதானப்படுத்தினாள். பிறகு பதிவேட்டை மூடினாள். என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குத் தெரியாது. உங்களுக்குமா?"

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம் போட்டிருக்கலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், நடைமுறை என்றோ விதிமுறை என்றோ. அவள் பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறர் எதிரில் என்பதால்தான் 'உங்களுக்கு' என்றாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே கடிதத்தை வாபஸ் வாங்கித் தமிழில் ஒரு வருத்தக் கடிதம் எழுதி அனுப்பினேன். அறிக்கை திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு வேலை நன்றாகவே நடந்தது, எனக்கே ஆச்சரியம். சேலத்திலிருந்து ஒரு குடும்பம் கம்பெனியை எடுத்துக்கொண்டது, ஆட்கள் ஒருவரையும் நீக்காமல். ஸ்டோர்ஸும் பதிவேடும் அக்காவிடமே இருந்தன. தீர்ப்பாயத்தில் என் வேலையைப் பாராட்டி இரண்டு வார்த்தை சொன்னார்கள். இத்தனை வருஷம் படித்ததற்கு இது போதாதா என்று யாராவது கேட்கலாம். எனக்கு அன்றைக்கு ஒரே ஒரு நினைப்புதான், இனி ஞாயிற்றுக்கிழமை போகலாம்.

போனேன். போன் செய்யவில்லை, நேரே பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு எங்களுக்குள் வேலை விஷயம் தவிர ஒரு பேச்சும் இல்லை. வாசலில் நின்று என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வேலைக்காக உன்னைத் தள்ளி வைத்தேன், அது தப்பு. அரை நாள் உன்னைச் சந்தேகப்பட்டேன், அது அதைவிடத் தப்பு. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். இந்த மூன்றும்தான்.

கதவைத் திறந்தவள் முகத்தில் கோபம் இல்லை. "வாங்க, வாங்க" என்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எப்போதும் நான் நேரே சமையலறைக்குப் போய் அரிவாள்மணைப் பக்கத்தில் தரையில் உட்காருவேன், எதுவும் கேட்காமலே என் அளவுக்குக் காபி வரும். அன்றைக்கும் அந்தப் பக்கம் கால் வைத்தேன். அதற்குள் அவள் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முந்தானையால் துடைத்துவிட்டு, "இப்டி உட்காருங்க, தரையெல்லாம் வாணாம்" என்றாள். மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டாள். மகள் மாசமாக இருக்கிறாள் என்று சொன்னாள். நான் சொல்ல வந்ததை ஆரம்பித்தேன். "அக்கா, அந்த லெட்டர்..." என்றேன்.

"அய்ய, அதெல்லாம் எப்பவோ முடிஞ்சி போச்சு. உங்க வேல, நீங்க செஞ்சீங்க" என்றாள். "இருங்க, காபி போட்டுக்கினு வர்றேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. பால் பொங்குகிற வாசனை வந்தது. நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவள் சமையலறை வாசலுக்கு வந்து, கையில் டம்ளரோடு எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சர்க்கரை எவ்ளோ போடணும்?" என்று கேட்டாள்.

அரை ஸ்பூன் போதும் என்று சொன்னேன்.